கட்சி வாக்கெடுப்பில் பிரதமரை மாற்ற இரண்டு மாதங்கள் எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டனில் ஆளுங்கட்சி தன் தலைவரை இடையில் மாற்றும்போது, நாட்டின் பிரதமரும் சேர்ந்தே மாறுகிறார். அந்த மாற்றம் ஏன் சில சமயம் நாட்களிலும் சில சமயம் மாதங்களிலும் முடிகிறது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழின் பகுதியை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: போரிஸ் ஜான்சன் 2022 ஜூலை 7 அன்று விலகுவதாக அறிவித்தார். லிஸ் ட்ரஸ் பிரதமரானது செப்டம்பர் 6 அன்று. ஒரு கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கு இரண்டு மாதங்களா?

பதில்: அந்த இரண்டு மாதங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் நேரம் எங்கே போனது என்பது விளங்கும். கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் தேர்தல் இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதலில் அக்கட்சியின் எம்.பி.க்கள் மட்டும் வாக்களித்துக் களத்தில் இருப்போரை இரண்டு பேராகக் குறைக்கிறார்கள். பிறகு, அந்த இருவரில் ஒருவரை, சந்தா செலுத்திக் கட்சியில் சேர்ந்திருக்கும் சாதாரண உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எம்.பி.க்களின் பங்கு வேகமாகவே முடிந்தது. அமைச்சர் பொறுப்பில் இல்லாத கன்சர்வேட்டிவ் எம்.பி.க்களின் அமைப்பான 1922 கமிட்டி கால அட்டவணையை வகுத்தது. போட்டியிட விரும்புவோருக்குக் குறைந்தது 20 எம்.பி.க்களின் ஆதரவு வேண்டும் என்றது. எட்டுப் பேர் தேறினார்கள். ஜூலை 13 அன்று முதல் சுற்று. 20-ஆம் தேதி ஐந்தாவதும் கடைசியுமான சுற்று. இந்த எட்டு நாட்களையும் ஒரே நாளாகச் சுருக்கியிருக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்திருந்தால் முடிவே வேறாக இருந்திருக்கும். முதல் சுற்றில் ரிஷி சுனக் 88, பென்னி மோர்டன்ட் 67, லிஸ் ட்ரஸ் 50 வாக்குகள் பெற்றனர். அன்றோடு நிறுத்தியிருந்தால் உறுப்பினர்களின் முன் நின்றிருக்கக்கூடியவர்கள் சுனக்கும் மோர்டன்டும்தான். நான்கு சுற்றுகள் வரை மூன்றாம் இடத்திலேயே இருந்த ட்ரஸ், தன்னைப் போன்ற கருத்துடைய வேட்பாளர்கள் ஒவ்வொருவராக வெளியேற, அவர்களின் ஆதரவாளர்களைத் திரட்டிக்கொண்டு ஐந்தாவது சுற்றில் 113 வாக்குகளோடு மோர்டன்டை எட்டு வாக்குகளில் முந்தினார். எட்டுப் பேர் நிற்கும் போட்டியில் யாருக்கும் தொடக்கத்திலேயே பெரும்பான்மை கிடைக்காது. தான் ஆதரித்தவர் வெளியேறிய பிறகு அடுத்து யாரை ஆதரிப்பது என்று ஒவ்வொரு எம்.பி.யும் யோசிக்கவும், தலைவர்களோடு பேசவும், பேரம் நடக்கவும் சுற்றுக்கு ஒரு நாளாவது வேண்டும். இந்தக் கட்டத்தில் செலவான நேரத்தை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

மீதமிருந்த ஆறு வாரங்களுக்கும் மேலான காலம் உறுப்பினர்களுக்காகச் செலவானது. ஜூலை 28 அன்று லீட்ஸ் நகரில் தொடங்கி ஆகஸ்ட் 31 அன்று லண்டன் வெம்பிளியில் முடிந்த பன்னிரண்டு கூட்டங்களில் இருவரும் உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். வாக்குச்சீட்டுகள் அச்சாகி, தபாலில் வீடு சேர்ந்து, திரும்பி வரவேண்டியிருந்தது. செப்டம்பர் 2 மாலை வாக்களிப்பு முடிந்து, 5-ஆம் தேதி முடிவு அறிவிக்கப்பட்டது. வாக்குரிமை பெற்ற 1,72,437 பேரில் 82.6 சதவீதத்தினர் வாக்களித்தனர். ட்ரஸுக்கு 81,326, சுனக்குக்கு 60,399.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாடாளுமன்றம் ஜூலை 21 அன்று கோடை விடுமுறைக்குக் கலைந்து செப்டம்பர் 5 அன்று கூடியது. உறுப்பினர்களின் வாக்கெடுப்பு ஏறக்குறைய அந்த விடுமுறைக்குள் பொருந்தும்படி வகுக்கப்பட்டிருந்தது. ஆகவே ஆறு வாரம் என்பது கட்சி தானே தேர்ந்துகொண்ட அளவு. சட்டம் அப்படி எதையும் கேட்கவில்லை.

கேள்வி: எல்லாமே இணையத்தில் நடக்கும் காலத்தில் தபாலுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? ஒரே நாளில் இணைய வாக்கெடுப்பு நடத்த முடியாதா?

பதில்: நடத்த முடியும். ஆனால் அதிலுள்ள இடர்கள் சாதாரணமானவை அல்ல. 2022-இல் உறுப்பினர்கள் தபாலிலோ இணையத்திலோ வாக்களிக்கலாம் என்றும், வாக்களித்த பிறகு மனம் மாறினால் இன்னொரு முறை வாக்களித்து முந்தையதை ரத்து செய்துகொள்ளலாம் என்றும் கட்சி முதலில் ஏற்பாடு செய்திருந்தது. பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையத்தின் ஆலோசனை வந்த பிறகு, வாக்கை மாற்றும் அந்த வசதி கைவிடப்பட்டது. ஒருமுறை வாக்களித்ததும் உறுப்பினருக்குத் தரப்பட்ட ரகசியக் குறியீடு செயலிழந்துவிடும்படி முறை திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தால் வாக்குச்சீட்டுகள் அனுப்பப்படுவதே தாமதமாகி, சிலரை அவை சேர ஆகஸ்ட் 11 வரை ஆகலாம் என்று கட்சி அறிவிக்க நேர்ந்தது.

பொதுத் தேர்தலுக்கு அரசு நடத்தும் வாக்காளர் பட்டியல் இருக்கிறது, வாக்குச்சாவடி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. கட்சித் தேர்தலிலோ ஒரு தனி அமைப்பின் உறுப்பினர் பட்டியலை மட்டுமே நம்பி நாட்டின் பிரதமர் முடிவு செய்யப்படுகிறார். அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார், எப்போது சேர்ந்தார், சந்தா நிலுவை இருக்கிறதா என்பதையெல்லாம் கட்சியே சரிபார்க்க வேண்டும். போட்டிக்காகவே கடைசி நேரத்தில் கூட்டமாகச் சேர்வதைத் தடுக்கத்தான், வாக்களிப்பதற்குக் குறைந்தது மூன்று மாதங்கள் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்ற விதி வைக்கப்பட்டிருக்கிறது. வேற்று நாட்டு உளவு அமைப்புகளுக்கு ஆர்வம் ஏற்படக்கூடிய ஒரு வாக்கெடுப்பில், இரண்டு நாள் மிச்சம் பிடிப்பதைவிட முடிவின் மீது சந்தேகம் விழாமல் இருப்பது முக்கியம் என்பேன்.

கேள்வி: ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் ரிஷி சுனக் சில நாட்களிலேயே வந்துவிட்டாரே? விதி ஒன்றுதானே?

பதில்: கட்டங்கள் ஒன்றே, அளவுகள் வேறு. லிஸ் ட்ரஸ் அக்டோபர் 20 வியாழக்கிழமை விலகலை அறிவித்தார். 1922 கமிட்டி இம்முறை போட்டியிட 100 எம்.பி.க்களின் ஆதரவு வேண்டும் என்று வைத்து, திங்கட்கிழமை பிற்பகல் 2 மணியோடு அவகாசத்தை முடித்தது. கட்சிக்கு அப்போது இருந்த எம்.பி.க்களின் எண்ணிக்கை 360-ஐ எட்டவில்லை. ஆகவே அதிகபட்சம் மூவரே களத்தில் நிற்க முடியும். ஞாயிறு இரவு போரிஸ் ஜான்சன் தான் போட்டியிடவில்லை என்று அறிவித்தார். திங்களன்று, கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது பென்னி மோர்டன்ட் விலகினார். எஞ்சியவர் சுனக் ஒருவரே. மறுநாள் அவர் பிரதமர். கட்சி உறுப்பினர் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை.

2016-லும் இதுவே நடந்தது. டேவிட் கேமரூன் ஜூன் 24 அன்று விலகுவதாக அறிவித்து, செப்டம்பர் வரை போட்டி நீளும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, இறுதி இருவரில் ஒருவரான ஆண்ட்ரியா லெட்சம் ஜூலை 11 அன்று விலகியதால் தெரசா மே 13-ஆம் தேதியே பிரதமரானார். வேகமாக முடிந்த ஒவ்வொரு முறையும் உறுப்பினர்களின் கட்டம் நடக்காமல் போயிருக்கிறது.

ஆனால் போட்டியே இல்லாவிட்டாலும் இழுக்க முடியும் என்பதற்குத் தொழிலாளர் கட்சியில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2007 மே 10 அன்று டோனி பிளேர் விலகலை அறிவித்தார். கார்டன் பிரவுனை 313 எம்.பி.க்கள் முன்மொழிந்துவிட்டதால், வேறு யாரும் தேவையான ஆதரவைத் திரட்டவே வழியில்லாமல் போனது. அடுத்த பிரதமர் யார் என்பது மே மாதமே தெரிந்துவிட்டது. இருந்தும் துணைத் தலைவர் தேர்தலையும் சேர்த்து நடத்தி, ஜூன் 24 அன்று மான்செஸ்டரில் சிறப்பு மாநாடு கூட்டி, ஜூன் 27 அன்றுதான் பிரவுன் பதவியேற்றார். போகிறவர் தன் புறப்பாட்டுக்குத் தானே நாள் குறிக்க முடிந்தால் இப்படியும் நடக்கும்.

கேள்வி: ஜான்சன் மீது ஜூன் மாதமே நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்ததே. 148 பேர் எதிர்த்தும் அவர் ஏன் உடனே போகவில்லை?

பதில்: புதியவரைத் தேர்ந்தெடுக்க ஆகும் காலத்தைப் பற்றியே பேசுகிறோம், இருப்பவரை இறக்க ஆகும் காலத்தை மறந்துவிடுகிறோம். நல்ல கேள்வி.

அன்றைய விதிப்படி, எம்.பி.க்களில் 15 சதவீதத்தினர், அதாவது 54 பேர், 1922 கமிட்டியின் தலைவருக்குத் தனித்தனியே ரகசியக் கடிதம் கொடுத்தால்தான் வாக்கெடுப்பே நடக்கும். எத்தனை கடிதங்கள் சேர்ந்திருக்கின்றன என்பது கமிட்டியின் தலைவருக்கு மட்டுமே தெரியும். ஜூன் 6 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஜான்சனுக்கு ஆதரவாக 211, எதிராக 148. பாதிக்கு மேல் வாக்கு பெற்றால் போதும் என்பதால் அவர் நீடித்தார். அதன் பிறகு ஓராண்டுக்கு இன்னொரு வாக்கெடுப்பு நடத்தவும் முடியாது. தெரசா மேயும் 2018 டிசம்பர் 12 அன்று 200–117 என்று தப்பித்தார். ஆனாலும் அடுத்த மே 24 அன்று விலகலை அறிவிக்க வேண்டியிருந்தது. ஜான்சனை இறுதியில் இறக்கியது ஜூலை 5 தொடங்கி இரண்டே நாட்களில் 50-க்கும் மேற்பட்ட அமைச்சர்களும் பொறுப்பாளர்களும் அடுத்தடுத்து விலகியதுதான். ஓராண்டுப் பாதுகாப்பு என்ற விதி, ஒவ்வொரு வாரமும் தலைவருக்கு எதிராகக் கடிதம் திரட்டும் தொல்லையைத் தடுப்பதற்காக இருக்கிறது. அதன் விலை, நம்பிக்கையிழந்த ஒரு தலைவர் மாதக் கணக்கில் நீடிப்பது.

கேள்வி: இடைப்பட்ட காலத்தில் நாட்டை யார் ஆள்கிறார்கள்? துணைப் பிரதமர் பொறுப்பேற்கக் கூடாதா?

பதில்: விலகுவதாக அறிவித்தவரே, அடுத்தவர் தயாராகும் வரை பிரதமர். பிரிட்டனில் துணைப் பிரதமர் என்பது ஒரு பதவிப் பெயர். தானாக வாரிசாகும் உரிமை அதற்கு இல்லை. பிரதமரை நியமிப்பவர் மன்னர். நாடாளுமன்றக் கீழவையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் யார் என்பது ஐயமின்றித் தெரிந்த பிறகே அவர் ஒருவரை அழைக்க முடியும். அதை ஆளுங்கட்சியே முடிவு செய்து சொல்லட்டும் என்பதற்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பு மக்களை எப்படித் தொடுகிறது என்பதற்கு 2022 ஆகஸ்டை நான் மறக்க மாட்டேன். ஜான்சன், தன் இடைக்கால அமைச்சரவை புதிய கொள்கைகளையோ பெரிய மாற்றங்களையோ கொண்டுவராது என்று சொல்லியிருந்தார். ஆகஸ்ட் 26 அன்று எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், சராசரிக் குடும்பம் ஒன்றின் ஆண்டு மின்சார, எரிவாயுக் கட்டண உச்சவரம்பு 1,971 பவுண்டிலிருந்து 3,549 பவுண்டாக அக்டோபர் 1 முதல் உயரும் என்று அறிவித்தது. குளிர்காலம் நெருங்க, அந்த எண்ணைக் கேட்டு லட்சக்கணக்கான குடும்பங்கள் திகைத்து நின்றன. பெரிய நிதி முடிவுகளை அடுத்த பிரதமர் எடுப்பார் என்பதே அரசின் பதிலாக இருந்தது. அடுத்த பிரதமர் யார் என்று தெரிய இன்னும் பத்து நாட்கள் இருந்தன. செப்டம்பர் 8 அன்றுதான், கட்டணத்தைச் சராசரியாக 2,500 பவுண்டில் நிறுத்தும் திட்டத்தை ட்ரஸ் அறிவித்தார். ஓய்வூதியத்தில் தனியே வாழும் ஒரு மூதாட்டிக்கு அந்த இரண்டு வாரக் கவலை எப்படி இருந்திருக்கும் என்பதை, கால அட்டவணை வகுப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இதற்குப் பேசாமல் பொதுத் தேர்தலையே நடத்திவிடலாமே?

பதில்: நடத்தலாம், ஆனால் காலம் மிச்சமாகாது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே 25 வேலை நாட்கள் வேண்டும். அதாவது ஐந்து வாரங்கள். கட்சிக்குத் தலைவர் இல்லாமல் அந்தத் தேர்தலைச் சந்திக்கவும் முடியாது.

கேள்வி: மார்கரெட் தாட்சரை எம்.பி.க்களே ஒரு வாரத்தில் மாற்றினார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரே இரவில் மாற்றுகிறார்கள். அதுவே நல்ல முறையில்லையா?

பதில்: வேகத்தை மட்டும் பார்த்தால் அதுவே சிறந்தது. 1990 நவம்பர் 20 அன்று நடந்த முதல் சுற்றில் தாட்சர் 204, மைக்கேல் ஹெசல்டைன் 152. வெல்வதற்குத் தேவையான முன்னிலைக்கு நான்கு வாக்குகள் குறைந்தன. 22-ஆம் தேதி அவர் விலகினார். 27-ஆம் தேதி ஜான் மேஜர் வென்றார். 28-ஆம் தேதி பிரதமரானார். அப்போது எம்.பி.க்களுக்கு மட்டுமே வாக்கு. 1997 பொதுத் தேர்தலின் படுதோல்விக்குப் பிறகு, சோர்ந்துபோன கட்சியை உயிர்ப்பிக்க, அப்போதைய கட்சித் தலைவர் வில்லியம் ஹேக் 1998-இல் கொண்டுவந்த மாற்றத்தில்தான் சாதாரண உறுப்பினருக்குக் கடைசிச் சொல் கிடைத்தது. இன்றைய தாமதத்தின் வேர் அங்கே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 2010-க்கும் 2018-க்கும் இடையே நான்கு முறை பிரதமர்கள் கட்சிக்குள்ளேயே மாற்றப்பட்டனர். 2010 ஜூனில் கெவின் ரட் பதவியிலிருந்து இறங்கி ஜூலியா கில்லார்ட் ஏறியது ஏறக்குறைய ஒரே இரவில். 2018 ஆகஸ்ட் 24 அன்று ஸ்காட் மாரிசன் 45–40 என்று வென்று அன்று மாலையே பதவியேற்றார். தாங்கள் வாக்களித்து வந்த பிரதமரைத் தூங்கி எழுவதற்குள் காணவில்லையே என்ற கோபம் மக்களிடம் எழுந்தது. அதனால் இரு பெரிய கட்சிகளுமே தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொண்டன. தொழிலாளர் கட்சி 2013-இல், பதவியிலிருக்கும் பிரதமரை மாற்ற எம்.பி.க்களில் 75 சதவீதத்தினரின் கையெழுத்து வேண்டும் என்றும், தலைவர் தேர்தலில் உறுப்பினர்களுக்கும் பாதி மதிப்பு உண்டு என்றும் விதித்தது. லிபரல் கட்சி 2018 டிசம்பரில், தேர்தலில் வென்ற பிரதமரை இறக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றது. வேகத்தை அனுபவித்துப் பார்த்தவர்களே நிதானத்தை விதியாக்கியிருக்கிறார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

ஜப்பானின் முறை எனக்கு அறிவுடையதாகப் படுகிறது. லிபரல் டெமாக்ரடிக் கட்சியில் வழக்கமான தேர்தலில் உறுப்பினர்களுக்கும் பங்கு உண்டு. அவசரம் என்றால் முழு உறுப்பினர் வாக்கெடுப்பைத் தவிர்த்து, எம்.பி.க்களும் மாகாணக் கிளைகளின் பிரதிநிதிகளும் மட்டும் வாக்களிக்க விதி இடம் தருகிறது. 2020 ஆகஸ்ட் 28 அன்று உடல்நலக் குறைவால் விலகுவதாக ஷின்சோ அபே அறிவித்தபோது கட்சி அந்த வழியை எடுத்தது. செப்டம்பர் 16 அன்று யோஷிஹிடே சுகா பிரதமராகிவிட்டார். 2024-இல் அன்றைய பிரதமர் ஃபுமியோ கிஷிடா கட்சித் தலைவர் தேர்தலில் போட்டியிடவில்லை என்று ஆகஸ்ட் 14 அன்று அறிவித்தபோது அவசரம் இல்லை. உறுப்பினர்களும் வாக்களித்து, அக்டோபர் 1 அன்று ஷிகெரு இஷிபா பிரதமராகப் பதவியேற்றார்.

கனடாவில் 2025 ஜனவரி 6 அன்று ஜஸ்டின் ட்ரூடோ விலகலை அறிவித்ததோடு நாடாளுமன்றத்தையும் மார்ச் 24 வரை ஒத்திவைக்கச் செய்தார். மார்ச் 9 அன்று 85.9 சதவீத வாக்குகளோடு வென்ற மார்க் கார்னி, மார்ச் 14 அன்று பதவியேற்றபோது எம்.பி.யாகக்கூட இல்லை. நாடாளுமன்றமே கூடாமல் ஒரு கட்சியின் வாக்கெடுப்புக்காகக் காத்திருந்தது எனக்கு ஏற்புடையதல்ல.

கேள்வி: நீண்ட பிரசாரத்தால் நல்ல தலைவர் கிடைப்பார் என்பது உண்மையா? எந்த முறையை நீங்கள் பரிந்துரைப்பீர்கள்?

பதில்: 2022-இன் அனுபவம் அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. பன்னிரண்டு கூட்டங்களிலும் ட்ரஸ் வாக்குறுதி தந்த வரிக்குறைப்பே பெரும் விவாதம். கடன் வாங்கி வரியைக் குறைத்தால் பணவீக்கம் மேலும் ஏறும் என்று சுனக் திரும்பத் திரும்ப எச்சரித்தார். எச்சரிக்கை எல்லோர் காதிலும் விழுந்தது. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் வரிக்குறைப்பையே விரும்பினார்கள். செப்டம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்டெங் அந்த வாக்குறுதிகளை அறிவிப்பாக்கினார். பவுண்டின் மதிப்பு சரிந்தது. 28-ஆம் தேதி பேங்க் ஆஃப் இங்கிலாந்து அரசுக் கடன் பத்திரங்களை வாங்கித் தலையிட வேண்டியதாயிற்று. பதவியேற்ற 45-ஆம் நாளில் ட்ரஸ் விலகலை அறிவித்தார். எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் 137 வாக்குகளோடு முதலிடத்தில் இருந்தவர் சுனக் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். தினமும் அவையில் ஒரு பிரதமரின் பின்னால் நின்று வாக்களிக்க வேண்டியவர்கள் ஒருவரை முன்வைக்க, அந்தப் பொறுப்பில்லாதவர்கள் வேறொருவரைத் தேர்ந்தார்கள். அவருக்குப் பின்னால் நிற்க எம்.பி.க்கள் தயாராக இல்லை என்பது நெருக்கடி வந்ததும் வெளிப்பட்டது.

ஆகவே என் கருத்து இது: கட்சி எதிர்க்கட்சியாக இருக்கும்போது உறுப்பினர்கள் எத்தனை மாதம் எடுத்துக்கொண்டாலும் நல்லதே. 2024 ஜூலை 4 தேர்தலில் தோற்ற கன்சர்வேட்டிவ் கட்சி, நவம்பர் 2 அன்றுதான் கெமி பேடனாக்கைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நான்கு மாதங்கள் ஆயின. எந்தக் குடும்பத்தின் கட்டண ரசீதும் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆளுங்கட்சியாக இருக்கும்போது மட்டும், பிரதமரை எம்.பி.க்களே தேர்ந்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். உறுப்பினர்களின் உரிமையைப் பறிக்கிறீர்களே என்று கேட்பார்கள். ஆண்டு முழுவதும் வீடுவீடாகச் சென்று கட்சிக்கு வாக்குக் கேட்பவர்கள் அவர்கள்தான் என்பதால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர்களை விட்டுவிட முடியாது என்றால், 2022 அக்டோபரில் இருவர் களத்தில் எஞ்சியிருந்தால் இணையம் வழியே வாக்கெடுத்து 28-ஆம் தேதிக்குள் முடிப்பதாகப் போட்டிருந்த திட்டத்தையே நிரந்தர விதியாக்கலாம். உறுப்பினர் பட்டியலை ஆண்டுதோறும் சரிபார்த்து, பாதுகாப்புச் சோதனைகளை அமைதியான காலத்திலேயே முடித்து வைத்திருக்க வேண்டும். அந்த வேலையைத் தொடங்குவதற்கு எந்தப் பிரதமரும் விலகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.